‘வியர்ட்’ என்று சொன்ன மாப்பிள்ளை வேண்டாம்

சூளகிரி

அன்பிற்குரிய மச்சான் அப்பாஸுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் லால் பாஷா ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கருணையால் உன் அக்காள் ஃபகருன்னிசா நலம், மகள் ருக்ஸார் நலம், எருமையும் நலம். என் மானத்துக்கு மட்டும்தான் சுகமில்லை. கிருஷ்ணகிரியில் நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ பார்த்துக் கொடுத்த பாகலூர் மாப்பிள்ளை அதீப் நமக்கு வேண்டாம். சம்பந்தம் கொண்டுவந்தவன் நீ, அதனால் நீயே போய்ச் சொல்லிவிடு. பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று காய்ச்சல் என்று நீ படுத்துவிட்டாய், ஆகவே நடந்ததைக் கேட்டுக்கொள். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், முன்பே பிடித்துத்தான் இருந்திருக்கும், அதை நான் கேட்கவில்லை. சீர் எதுவும் வேண்டாம் என்றார்கள், சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்ற ஒன்றுதான் பாக்கி. அதை ஊர் கேட்க வாய்விட்டுப் பேசலாமா? ஜன்னலுக்கு வெளியே மேல்வீட்டு அனிதா துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். நானோ மாட்டுச்சந்தையில் தரகு பார்த்தே தலை நரைத்தவன், எந்தப் பேரத்தையும் வாயால் பேசியதில்லை. சம்பந்தியின் கையைப் பிடித்தேன், தோளில் கிடந்த துண்டை மேலே போட்டு மூடினேன், உள்ளே அவருடைய ஒரு விரலைப் பற்றி அழுத்தினேன். நூறு பேர் என்று அர்த்தம். சந்தைக்கு வரும் கன்றுக்குட்டிக்குக்கூட இது புரியும். சம்பந்தி என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஐந்நூறு. நான் திகைத்து மறுபடியும் ஒரு விரலை அழுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே என் அடுத்த கையையும் துண்டுக்குள் இழுத்துப் பத்து விரலையும் பிடித்தார். ஆயிரம். இறங்கி வராமல் ஏறிக்கொண்டே போகிற ஆளை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. பெண் வீட்டுக்காரன் பின்வாங்கினான் என்று பேச்சு வரக்கூடாதே, தலையாட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அதீப் எங்கள் துண்டைப் பார்த்தான், ருக்ஸார் பக்கம் திரும்பினான், “வியர்ட்” என்றான். ருக்ஸார் சிரித்தாள். பெற்ற தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன், லாரிகளின் முதுகைப் படித்தே இங்கிலீஷ் கற்றவன். எந்த லாரியிலும் இந்த வார்த்தை இல்லை. ஓசூர் போய் அகராதி வாங்கிப் பார்த்தேன். விசித்திரமான, இயல்புக்கு மாறான, ஆவியுலகத்தைச் சேர்ந்த என்று போட்டிருந்தது. முதல் இரண்டோடு நிறுத்தியிருந்தால் பொறுத்திருப்பேன். மூன்றாவதைப் படித்ததும் போய்க் கண்ணாடியில் முகம் பார்த்தேன். மேல்வீட்டு ஹரீஷ்குமார் சூப்பர்வைசர், அவரைக் கேட்டேன். சுவிட்சை அணைத்த பிறகும் ஓடுகிற மெஷினை அப்படிச் சொல்வார்களாம். அவர் மனைவி அனிதாவோ, பேசாமல் வைத்துவிடுகிற போனுக்கும் அதே வார்த்தை, ஃபிரிட்ஜில் வைத்த ரசத்தின் வாசனைக்கும் அதே வார்த்தை என்றாள். “இவரையே தெனமும் சொல்றேங்க பாய். அதுக்காவ வீட்ட விட்டா போயிட்டாரு?” என்றும் கேட்டாள். ஹரீஷ்குமார் காய்ந்த துணியை மடிக்கப் போய்விட்டார்.

பாகலூர்க்காரனுக்கு மூன்று பாஷை தெரியும். கன்னடத்தில் திட்டியிருந்தால் கன்னடத்தில் பதில் சொல்லியிருப்பேன், தெலுங்கு என்றால் தெலுங்கு. தமிழில் ‘ஆள் ஒரு மாதிரி’ என்று சொல்லியிருந்தால்கூட நானும் ஒரு மாதிரி பேசி அங்கேயே முடித்திருப்பேன். இங்கிலீஷில் சொன்னதால் என்ன திட்டினான் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விட்டது, கோபம் வேறு வட்டி போட்டு வளர்ந்துவிட்டது.

கல்யாணம் நின்றது என்று ருக்ஸாரிடம் சொன்னேன். அழவில்லை. “சரிங்கத்தா” என்று ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து சாப்பாட்டு டப்பா கொண்டுபோனபடியே திரும்பி வருகிறது. உன் அக்காள் என் டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பையன் வார்த்தையை வாபஸ் வாங்கும் வரை நான் அசையமாட்டேன், டீ கசந்தாலும் சரி.

உன் பிள்ளைகளுக்கு என் துஆ. அவர்களுக்கு நீண்ட ஆயுளையும், பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்காத மருமக்களையும் இறைவன் தரட்டும்.

இப்படிக்கு, முடிவு மாறாத
லால் பாஷா

பின்குறிப்பு: நீ போனால் பூசி மெழுகிவிடுவாய் என்று நானே இந்தக் கடிதத்தோடு பஸ் ஏறி, பாகலூரில் அவர்கள் வாசலில் நின்று முழுவதையும் படித்தேன். ஆயிரம் என்ற இடம் வந்ததும் சம்பந்தி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் டயர் கடைக்காரர், மாட்டுச்சந்தையை மிதித்ததே இல்லையாம். சூளகிரிப் பக்கம் பாசத்தை இப்படி மூடித்தான் காட்டுவார்கள் போல என்று நினைத்து, நான் ஒரு விரல் பாசம் காட்டியதற்கு அவர் பத்து விரலும் காட்டினாராம். அவர்கள் பக்கம் மொத்தமே ஒரு வேன் ஆட்கள்தான். அதீப்பிடம் வார்த்தையை வாபஸ் வாங்குகிறாயா என்று கேட்டேன். “வாங்கமாட்டேன் மாமா. எங்கத்தாவும் நீங்களும் துண்டுக்கடியில கையப் புடிச்சிக்கினு அவரு சிரிச்சிக்கினும் நீங்க மொறச்சிக்கினும் இருந்தீங்க. அத வேற என்னான்னு சொல்றது?” என்றான். என் முகத்துக்கு நேரே வளையாத ஒருவனை வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறேன். பெண்ணை நம்பிக் கொடுக்கலாம். அடுத்த மாதம் நிக்காஹ், குடும்பத்தோடு முன்னாலேயே வந்துவிடு. வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் கெஞ்சியதால்தான் நான் சம்மதித்தேன் என்று ஊரில் சொல். அவர்கள் கெஞ்சவில்லை. கெஞ்சுவார்கள் என்று காத்திருந்து எனக்குத்தான் உடம்பு இளைத்துவிட்டது.