கோலப்பொடியில் ஒரு வெட்டுக்கோடு

எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். பி.யூ.சி. தேறியிருந்த நானும் அதை மறுக்கவில்லை.

அறுபதுகளின் இறுதியில், அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரிக் கணித ஆசிரியர் என்னைப் பெண் பார்க்க வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு என்னை பி.எஸ்ஸி. படிக்க வைப்பதாகத் தரகரிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. (முகத்தை இன்னும் பார்க்கவில்லை.)

அவருடைய அம்மா, "ஒரு பாட்டுப் பாடு தாயி" என்றார்.

என் தொண்டையை அறிந்த அப்பா பதறினார். "பாட்டெல்லாம் வராதுங்க. கணக்குக் கேளுங்க, பிச்சு ஒதறிரும்!"

மாப்பிள்ளை தயங்கி, எளிதாகவே கேட்டார். "எக்ஸ் ஸ்கொயர் வளைவு. எக்ஸ் ஒண்ணா இருக்கப்ப அதோட சாய்வு என்ன? சூத்திரம் வேணாம், எல்லை வரையறைப்படி சொல்லுங்க."

காகிதம் கேட்டிருக்கலாம். கை பழகியது என்று கோலப்பொடியை எடுத்துவந்து தரையில் அமர்ந்தேன். வளைவை இழுத்து, அதன்மேல் இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றை இணைத்து வெட்டுக்கோடு போட்டேன். இரண்டாம் புள்ளியை முதற்புள்ளிக்கு அருகே கொண்டுவர வேண்டும். அப்போது கோட்டின் சாய்வு எந்த எண்ணை நெருங்குகிறதோ, அதுவே விடை. இடைவெளி முழமாயிற்று, சாணாயிற்று, விரற்கடையாயிற்று. சாய்வு இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. (அங்கேயே எழுந்துவிட்டிருக்க வேண்டும்.) இன்னும் அருகே ஒரு சிட்டிகை வைத்தேன். பொடி சரிந்து இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டன.

"ஏ புள்ள, அப்படியே ஒரு பூசணிப்பூவும் வச்சிரு" என்றாள் என் அத்தை.

"இப்ப சாய்வு எவ்வளவு?" என்றார் மாப்பிள்ளை.

கோடு உயர்ந்ததை நகர்ந்ததால் வகுத்தால் சாய்வு. இப்போது உயர்ந்ததும் பூஜ்யம், நகர்ந்ததும் பூஜ்யம். "பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம்" என்றேன்.

"அப்படின்னா?"

நெருங்கலாம், சேரக் கூடாது என்பது நான் படித்ததுதான். அதைச் சொல்லாமல், சரிந்த பொடியை விரலால் பிரிக்கப் பார்த்தேன். என் தவிப்பைப் பொறுக்காமல் அப்பா முந்திக்கொண்டார்.

"அஞ்ச அஞ்சால வகுத்தா ஒண்ணு. பூஜ்யத்தப் பூஜ்யத்தால வகுத்தாலும் ஒண்ணுதானுங்களே!"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. "சொல்லி அனுப்புறோம்" என்று அவருடைய அம்மா எழுந்தார். சொல்லி அனுப்பவில்லை. என் பி.எஸ்ஸி.யும் அவர்கள் ஏறிய பஸ்ஸிலேயே போயிற்று. அடுத்த தையில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்டினேன். நல்ல மனிதர், கல்லூரி என்ற சொல்லை மட்டும் அவர் காதில் வாங்கியதில்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் குழம்புச் சட்டி காலியானால் ஒருவர் "எம்புட்டு மிச்சம்?" என்பார். "ஒண்ணுதானுங்களே!" என்று மற்றவர்கள் கத்துவார்கள். நானும் சிரிப்பேன்.

அப்பா, அம்மா, அத்தை எல்லோரும் போய்விட்டார்கள். அன்று அந்தக் கூடத்தில் இருந்த எங்கள் வீட்டு ஆட்களில் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான்.