கமாவுக்கு எண்பத்து நாலு கேள்வி

திங்கட்கிழமை காலையிலேயே, பாதுகாப்புக்கு மார்க் போடுகிற டூல் அறுபத்தொன்று என்று காட்டிவிட்டது. எழுபது வந்தால்தான் பச்சை. பச்சை வந்தால்தான் மருத்துவமனைகளுக்கு டோக்கன் போடுகிற மென்பொருள் வெள்ளிக்கிழமை வெளியே போகும். அது போனால்தான் சல்லடை சார் சனிக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு கடலோர ஊருக்கு ரயிலேற முடியும்.

பாதுகாப்பு மதிப்பீட்டாளர் என்பது அவர் பதவி. எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் ஆபீஸில் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். சல்லடையில் எது அதிகம் என்று யோசித்துத்தான் வைத்தார்களா என்பது தெரியாது.

விஷயம் இதுதான். இந்தக் காலத்தில் எந்த மென்பொருளையும் யாரும் முழுசாக எழுதுவதில்லை. முகம் தெரியாத புண்ணியவான்கள் இலவசமாக எழுதி வைத்திருக்கிற ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ்களை எடுத்து ஒட்டவைத்து, மேலே கம்பெனி பெயரைப் போட்டுக்கொள்வார்கள். அந்தப் புண்ணியவான்களில் ஒருத்தன் திருடனாகிவிட்டால் எல்லோர் வீட்டுக் கதவும் ஒரே சமயத்தில் திறந்துகொள்ளும். அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடக்கிற பேக்கேஜ்களை எல்லாம் டூல் தானாகவே துழாவிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மார்க் கொடுக்கும்.

இருநூற்றுப் பதினேழில் இருநூற்றுப் பதினாறு பாஸ். அறுபத்தொன்று வாங்கி ஃபெயிலானது ஒன்றே ஒன்று; அதுவும் தேறினால்தான் பச்சை. நீளமான எண்களுக்கு நடுவே கமா போடுகிற பேக்கேஜ். மொத்தமே நாற்பது வரி. எழுதியவரும் பார்த்துக்கொள்கிறவரும் ஒரே ஆள்.

அடுத்த மேஜையில் இருந்த மூத்த புரோகிராமர் ஹெட்போனைக் கழற்றினார். ஆபீஸுக்கே அவர் ஹெட்போன் அக்கா.

"சார், அந்தக் கமா பேக்கேஜ் இருக்கே..."

"மேடம், மதிப்பீடு முடியற வரைக்கும் புரோகிராம் எழுதறவங்களோட நான் பேசக் கூடாது. விதி."

"அந்த விதியை எழுதினதே நீங்கதானே?"

"அதனாலதான் மீற முடியல."

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

சல்லடை சார் தன்னுடைய புகழ்பெற்ற கேள்வித்தாளை எடுத்தார். எண்பத்து நாலு கேள்வி. பெரிய பெரிய கம்பெனிகளுக்காகத் தயாரித்தது. அதைக் கமாக்காரருடைய பேக்கேஜின் பொதுப் பக்கத்திலேயே, ஊரே பார்க்கும்படி போட்டார்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்துவிட்டது.

"பேரிடர் நேர்ந்தால் இயங்க மாற்று அலுவலகம் உண்டா?" என்ற கேள்விக்கு, "மாமியார் வீடு" என்று எழுதியிருந்தார். "பணியாளர்களின் பின்னணி சரிபார்க்கப்படுகிறதா?" என்பதற்கு, "பணியாளர் நான் ஒருத்தன்தான். என் மனைவி தினமும் சரிபார்க்கிறாள்." "வளாகத்துக்குக் காவல் உண்டா?" "நாய் இருந்தது. போன மாசம் ஓடிப்போச்சு."

கடைசியில் தனியாக ஒரு வரி. "ஒன்பது வருஷத்துல ஒரு நன்றி வந்ததில்ல. கேள்வி மட்டும் எண்பத்து நாலு வருது."

மனுஷன் நொந்துபோய் எழுதியிருக்கிறார் என்பது யாருக்கும் புரியும். சல்லடை சாருக்கு மட்டும் புரியவில்லை. பதில்களை ஒன்று விடாமல் டூலில் ஏற்றினார். ஐம்பத்து நாலு. நாய் ஓடியதற்கு மட்டும் இரண்டு மார்க் போயிருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, லீவு உறுதிதானே?"

"கிட்டத்தட்ட."

"போன வருஷமும் கிட்டத்தட்ட. அதுக்கு முந்தின வருஷமும் கிட்டத்தட்ட. சின்னவ மண் அள்ளற வாளியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்கறா. இந்தத் தடவை நீங்க வரலைன்னா உங்க டிக்கெட்டை எங்க அண்ணன் பேருக்கு மாத்திடுவேன். அவன் பெட்டியே கட்டிட்டான்."

சல்லடை சார் போனை வைத்தார். மச்சான் எங்கே போனாலும் சொந்தமாக ஒரு சோப்புக்கூட எடுத்து வராத ஆள். அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, மகள் வாளியை நீட்டிக்கொண்டு நிற்கிற காட்சியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கமா பேக்கேஜுக்கு இல்லாத மாற்று ஆள் ஏற்பாடு, வீட்டில் கச்சிதமாக இருந்தது.

அந்த ஆத்திரத்தில் கமாக்காரரைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஆளை நம்பி எப்படி இருப்பது, உடனே இரண்டாவது ஆளைச் சேருங்கள் என்று புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பதினாலு செய்தி போட்டார். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கறார்.

பதினாலாவதுக்குப் பதில் வந்தது. "ரெண்டாவது ஆள்தானே வேணும்? நீங்களே வாங்க சாமி."

சல்லடை சார் சந்தோஷமாகச் சம்மதித்தார். ஐந்து நிமிஷத்தில் பேக்கேஜைத் திருத்தி வெளியிடுகிற சாவி அவர் கைக்கு வந்தது. ஆறாவது நிமிஷத்தில் இன்னொரு செய்தி.

"என் பேரை எடுத்துட்டேன். இனி எனக்கும் கமாவுக்கும் சம்பந்தமில்ல. நல்லா இருங்க."

டூலை ஓட்டிப் பார்த்தார். நாற்பத்தாறு. பார்த்துக்கொள்கிறவர் இப்போதும் ஒரே ஆள்தான் என்றது டூல். அதோடு, 'அந்த ஒருவரும் முன்பின் தெரியாதவர்.'

"முன்பின் தெரியாதவரா? நானா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா எழுந்து வந்தார். "சார், ஒரே ஒரு நிமிஷம்..."

"விதி மேடம், விதி."

"ஒரு சீட்டுல எழுதியாவது தரட்டுமா?"

"சீட்டும் பேச்சுதான். அஞ்சாவது பிரிவு."

அக்கா போய் உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை டூல் சொன்ன குறை, மூன்று வருஷமாகப் புதுப் பதிப்பு வரவில்லை என்பது. பதிப்புதானே, சாவிதான் கையில் இருக்கிறதே என்று சல்லடை சார் நாற்பது வரியையும் திறந்தார். கல்லூரிக்குப் பிறகு அவர் ஒரு வரி புரோகிராம் எழுதியதில்லை. ஆனால் குறை சொல்லித் தெரியும். குட்டி எண்ணாக இருந்தால் தொடாதே என்று ஒரு வரி இருந்தது. குட்டி எண்ணுக்கு எவன் கமா போடுவான், இது தண்டம் என்று அதை நீக்கிவிட்டுப் புதுப் பதிப்பை வெளியிட்டார். நாற்பது வரி முப்பத்தொன்பது ஆனதில் அவருக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, வழக்கம்போல டூல் 'என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன்' என்று ஒரு நிமிஷம் சக்கரம் சுற்றியது. பிறகு மார்க்கைக் காட்டியது.

3,8.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலாளர் ஒரு காகிதத்தோடு வேகமாக வந்தார்.

"பார்த்தீங்களா? டூல் கம்பெனிக்காரன் உலகத்துக்கே எச்சரிக்கை அனுப்பியிருக்கான். எவனோ ஒருத்தன் கமா பேக்கேஜை ஆட்டையைப் போட்டுட்டான். எழுதினவரை மூணு நாளா விடாம நெருக்கி, சாவியைப் பிடுங்கி, மறுநாளே உள்ள கை வச்சிருக்கான். காவலா இருந்த வரியையே தூக்கிட்டானாம். கைதேர்ந்த திருடன்."

"அவ்வளவு கைதேர்ந்தவன்னு சொல்ல முடியாது சார்."

"நம்ம ரிலீஸ் இன்னைக்கு நின்னுபோச்சு. அவன் யாருன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் உங்களுக்கு லீவு கிடையாது."

சல்லடை சார் மளமளவென்று கணக்குப் போட்டார். கண்டுபிடித்தால் லீவு உண்டு.

"கண்டுபிடிச்சுட்டேன் சார்."

"அதுக்குள்ளயா? யாரு?"

"நான்தான்."

மேலாளர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சல்லடை சார் எல்லாவற்றையும் சொன்னார். எண்பத்து நாலு கேள்வி, நாய், பதினாலு செய்தி, சாவி, தண்ட வரி. மேலாளர் நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தார்.

"அப்ப லீவு கண்டிப்பா கிடையாது" என்றார் கடைசியில். "கையெழுத்தைப் போட்டு மதிப்பீட்டை முடிங்க."

சல்லடை சார் 'சிவப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குச் செய்தி அனுப்பினார். மனைவியிடமிருந்து உடனே பதில் வந்தது. 'டிக்கெட் மாத்தியாச்சு. அண்ணன் ஜன்னல் சீட்டுதான் வேணுங்கறான். பாப்பா வாளியை அவன்கிட்ட குடுத்துட்டா.'

அதை இரண்டு தடவை படித்தார். அழுகையே வந்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

மேலாளர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது என்னய்யா 3,8? மூணா, எட்டா, முப்பத்தெட்டா? நடுவுல கமா எதுக்கு?"

சல்லடை சாருக்குத் தெரியவில்லை. ஐந்து நாளில் முதல் தடவையாக அவராகவே அடுத்த மேஜைப் பக்கம் திரும்பினார்.

"மதிப்பீடு முடிஞ்சுது மேடம். இப்ப நீங்க பேசலாம்."

ஹெட்போன் அக்கா நிதானமாக ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நம்ம டோக்கன் மென்பொருள்ல அந்தப் பேக்கேஜ் என்னைக்குமே இருந்ததில்ல சார், மார்க் போடற உங்க டூலுக்குள்ளதான் இருக்கு, பட்டியல் போடறப்ப அது தன்னையும் சேர்த்துப் போட்டுக்கிச்சு."