தைரியம் சொல்லும் சாரதாதேவி

தைரியம் சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும், அது அழுது முடிக்கக்கூட அவகாசம் தராமல் வந்து நிற்பார்கள். பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் புடவைக்கடை வைத்திருக்கும் சாரதாதேவி இந்த இனத்தில் முன்வரிசை.

அம்மாவின் சட்டை தைத்தாயிற்றா என்று கேட்க வந்த துஷாந்திதான் அகப்பட்டாள். தாதியர் படிப்பின் முதலாம் ஆண்டில் இரண்டு பாடம் போய்விட்டது. மறுபரீட்சைக்கு மூன்று கிழமை. ரயிலேறிப் போகவேண்டிய கார்ஜ் புறநகரில் அவர்களுடைய வீட்டில் இரண்டே அறை: ஒன்றில் இரட்டைத் தம்பிகள், மற்றதில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் அப்பா.

"அன்ரி, எனக்கு..."

"இதிலை இரு பிள்ளை. நான் வந்த காலத்திலை பாஷை தெரியாது, பாதை தெரியாது, கணுக்கால் அளவு ஸ்னோ. விழுந்தனான், எழும்பினனான்."

முக்கால் மணி நேரம் போயிற்று. ரயிலும் போயிற்று. அடுத்த முறை வந்தபோது கதையில் ஸ்னோ முழங்காலுக்கு ஏறியிருந்தது. மூன்றாம் முறை, அது இடுப்புக்கு ஏறுமுன் துஷாந்தி சொல்லிவிட்டாள்:

"அன்ரி, எனக்குத் தைரியம் இருக்கு. இருந்து படிக்க ஒரு மேசைதான் இல்லை."

சாரதாதேவிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரிடம் 'என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது' என்று சொன்னதில்லை. கொஞ்ச நேரம் புடவைகளை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். பிறகு பின்னறைக்குப் போய், மேசையிலிருந்த துணிகளை அள்ளித் தரையில் போட்டார்.

"நாளையிலையிருந்து வா. நான் கதைக்க மாட்டன்."

யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? ஆனால் கதைக்கவில்லை. தேத்தண்ணீர் கொண்டுபோவார், வாயைத் திறப்பார், மூடுவார், திரும்பிவிடுவார். தேங்கிய உபதேசமெல்லாம் புடவை வாங்க வந்தவர்கள் தலையில் இறங்கிற்று. பாவம், அவர்கள் எந்தப் பரீட்சையிலும் தவறியவர்கள் அல்லர்.

இரண்டாம் கிழமை துஷாந்தியே கூப்பிட்டாள். "அன்ரி, இதைப் பார்த்து என்னைக் கேள்வி கேக்கிறீங்களோ?"

எலும்புகளின் பிரெஞ்சுப் பெயர்கள். தோள்பட்டை எலும்பாகிய 'ஒமோபிளாத்' சாரதாதேவியின் வாயில் ஏறக்குறைய ஆம்லெட் ஆயிற்று. துஷாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தவறிய நாளுக்குப் பின் சிரித்தது அன்றுதான். அதற்குப் பிறகு தினமும் மாலை ஆறு மணிக்கு எலும்பு விசாரணை.

இரண்டு பாடமும் பாஸ்.

செய்தி வந்ததும் தெரு முழுக்கச் சாரதாதேவிக்கு ஒரே பேச்சு. "எல்லாம் நான் குடுத்த தைரியம்." மேசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் நின்ற துஷாந்தி, "ஓம் அன்ரி" என்றாள், முகத்தை மாற்றாமல். அடுத்த வருடமும் அந்த மேசை வேண்டுமே.

சிரிக்கிறீர்களா? நல்லது. இதை வாசித்ததும், பரீட்சையில் தவறிய ஒரு பிள்ளைக்கு அனுப்பி, 'பார், நீயும் எழும்பலாம்' என்று நாலு வரி எழுதத் தோன்றுகிறதல்லவா? விரலை எடுங்கள். அந்தப் பிள்ளை இப்போது படித்துக்கொண்டிருக்கக்கூடும்.