பாய் கொண்டுவந்த பாலைவனம்

வெளிநாடு போய்த் திரும்பியவர்களில் இரண்டு பெட்டி நிறைய வெறும் மணலைக் கொண்டுவந்த ஒரே மனிதர், இந்தப் பூமியிலேயே, எங்கள் பென்னாகரம் பாலைவன பாய்தான். சந்தேகமிருப்பவர்கள் இன்னொருவரைக் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளில் நான் அங்கே ஓர் ஆபீஸில் குமாஸ்தா. பாய் வீட்டை ஒட்டிய வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அரபு நாட்டுக்குக் கான்கிரீட் வேலைக்குப் போன பாய், ஒன்பது வருஷம் கழித்து ஒரேயடியாகத் திரும்புகிறார் என்றதும் தெருவே வாசலில் கூடிவிட்டது. டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர் வரும், சென்ட் வரும் என்று ஆளுக்கொரு கணக்கு. பாய் பெட்டியைத் திறந்தார். மேலே நாலு தைல பாட்டில், கீழே முழுக்கப் பழுப்பு மணல். உள்ளே தங்கம் இருக்கும் என்று ஏர்போர்ட்டில் சல்லடை போட்டே சலித்துவிட்டார்களாம். "நல்லா சலிச்சுக் குடுத்தாங்க சார், எனக்கொரு வேலை மிச்சம்" என்றார்.

எதற்கு மணல்? எல்லாம் அவர் மனைவி நூர்ஜஹான் அக்காவுக்காக. அப்போதெல்லாம் கேசட்டில் பேசித்தான் அனுப்பிக்கொள்வார்கள். ஒவ்வொரு கேசட் முடிவிலும் அக்கா, "நீங்க நிக்கிற எடத்துல நானும் ஒருக்கா நிக்கணும்" என்பாராம். கூட்டிப்போக பாய்க்கு வழியில்லை. அதனால் இடத்தையே பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மணலில் ஒரு கான்கிரீட் பலகை வார்த்து வாசலில் பதித்து, அதில் அக்காவை நிற்கவைக்க வேண்டும்.

சும்மா கொட்டிவைத்து நிற்கக்கூடாதா என்று கேட்டேன். "கோழி கெளறிப்புடும் சார். அவ ஆயுசுக்கும் நிக்கணும்ல?" என்றார்.

சிக்கல் என்னவென்றால், பாலைவன மணல் கான்கிரீட்டுக்கு ஆகாது. காற்று உருட்டி உருட்டி ஒவ்வொரு மணியும் கடுகு மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. அங்கேயே சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் கிடக்க, கட்டடத்துக்கு வேறு மணலை விலைகொடுத்து லாரியில் இறக்குவார்கள் என்று பாயே சொல்லிச் சிரிப்பார். எல்லாம் தெரிந்த மனிதர்தான். தெரிந்துகொண்டே ஆரம்பித்தார்.

முதலில் முறம் அகலத்தில் ஒரு சின்னப் பலகை வார்த்து, சாக்குப் போட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். பிறகு சோதனை. அந்தத் தெருவிலேயே கனத்த ஆசாமி நான் என்பதால் சோதனை இயந்திரமும் நானே. ஏறி நின்றால் ஒரு நொடி தாங்கும். அந்த ஒரு நொடிக்குள், "பாலைவனம் சுடுதா சார்?" என்று கேட்டுவிடுவார். நான் வாயைத் திறப்பதற்குள் படக். பாய் உடைந்த பலகையைப் பார்க்க மாட்டார், என் வயிற்றைப் பார்ப்பார். இப்படியே பலகை மாற்றிப் பலகை உடைந்தது. சிமெண்ட்டைக் கூட்டினார், தண்ணீரைக் குறைத்தார், ஜல்லியை மாற்றினார். பெட்டியில் மணல்தான் இறங்கிக்கொண்டே போனது.

அவர் வீட்டுக் கொல்லையில் வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணல் குவிந்து கிடந்தது. பாதிக்குப் பாதி அதைக் கலந்தால் என்ன என்று கேட்டுவிட்டேன். அவருக்கு வந்ததே கோபம். "சிமெண்ட்டும் ஜல்லியும் கடைச்சரக்கு, போனாப் போவுது. மண்ணுல கலப்படம் பண்ணலாமா? காவேரி மணல்ல நிக்கிறதுக்கு ஒகேனக்கல் பஸ்சுல ஏத்தி உட்டுரலாமே அவள?" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை.

கடைசியில் ஒரே ஒரு பலகைக்கு மட்டும் மணல் மிஞ்சியது. பாய் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்துவிட்டார். வார்க்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. பார்க்கவே சங்கடமாக இருந்தது. அப்போதுதான் அக்கா ஒரு முறம் ஆற்று மணலோடு வந்து அவர் முன்னால் வைத்தார்.

"அது நீங்க நின்ன மண்ணு. இது, நீங்க அனுப்புன பணத்துல இந்த வூட்டக் கட்டயில நான் ஒண்டியா நின்னு சலிச்ச மண்ணு. நானுந்தான ஒம்போது வருசம் நின்னேன்? ரெண்டையும் போடுங்க. இதுல என்னங்க கலப்படம்?"

பாய் எழுந்து கொத்துக் கரண்டியை எடுத்தார்.

மார்கழிக் காலையில் பலகையைப் பதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இது உடைந்தால் இனி மணல் கிடையாது, அக்காவே ஏறட்டும் என்று பின்வாங்கினேன். "நீங்க நின்னாத்தான் சார் எனக்கு நம்பிக்கை" என்றார். அல்லாவையும் முருகனையும் சேர்த்து வேண்டிக்கொண்டு ஏறினேன். பலகை அசையவில்லை.

பிறகு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். வத்தல்மலைப் பக்கமிருந்து வந்த பனிக்காற்றில் எனக்குப் பல் தந்தியடித்தது. பாய் மெதுவாக, "சுடுதா?" என்றார்.

அக்கா காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ சூட்டுலயா இத்தன வருசம் நின்னீங்க?"

பாய் எதையோ தேடுகிற மாதிரி கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனேன். பாயும் இல்லை, அக்காவும் இல்லை. வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். வாசலில் பலகை மட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இருந்ததைவிட இப்போது நான் இன்னும் கனம். இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். தாங்கியது. கேட்பதற்கு ஆளில்லை. நானாகவே சொன்னேன்:

"சுடுதுங்க பாய்."