சம்பந்தி வீட்டு நாய்க்கு நான் சொந்தக்காரரைத் தேடிய விவரம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். என் மகளும் இருக்க வேண்டும். இப்போது அப்படி இல்லை என்று கேள்விப்பட்டேன், அதற்குக் காரணம் நான்தான் என்றும் கேள்விப்பட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். என் சுகத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காணாமல்போன உங்கள் நாய் என் வீட்டில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருக்கிறது. உயிரோடு, கொஞ்சம் சதை போட்டு இருக்கிறது. அன்றைக்குப் பின்கதவைத் திறந்துபோட்டது என் மகள் இல்லை, நான். "நான்தான் சாத்த மறந்துட்டேன்" என்று அவள் உங்களிடம் சொன்னது பொய். என் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று கல்யாணப் பேச்சில் உங்களிடம் அடித்துச் சொன்னேன். அதையும் இப்போது வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்றைக்கு உங்கள் வீட்டு வாசல் கேட்டில் கை வைத்தபோதே அந்தப் புதுப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. கம்ப்யூட்டரில் அடித்த பிளாஸ்டிக் பலகை. இந்த ஊரில் பாதிக் கடைகளின் நெற்றியில் இருப்பது என் எழுத்து. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பள்ளிக்கூடமும் என்னை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை, அடுத்தவன் எழுதிய பலகையை நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, வண்டிக்காரர்களிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட தொழில். பெண் கொடுத்த வீட்டுக்கு ஒரு பலகை எழுத ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தகரம்கூட நானே கொண்டுவந்திருப்பேன். நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ வந்தது. நீங்கள் மழை வருமா வராதா என்று ஏதோ பேசினீர்கள், நான் "ம்" என்றேன், உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன். முன்பக்கமாகப் போனால் மறுபடி அந்தப் பலகையின் முகத்தில் விழிக்க வேண்டும் என்று பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போகிறவன் கதவைப் பதவிசாகச் சாத்திவிட்டுப் போனால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை என்று அப்போது நினைத்தேன்.

பின்கட்டில்தானே நாய் இருந்தது, கண் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். கோபத்தில் நடக்கிறவன் நேராகத்தான் பார்ப்பான், கீழே பார்க்க மாட்டான். அதோடு உங்கள் நாயின் முகத்தை நான் அதுவரை பார்த்ததே கிடையாது. முதல் தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோதே, நாய் இருந்தால் நான் படியேற மாட்டேன் என்று தெருவில் நின்றுவிட்டேன். அன்றிலிருந்து நான் வரும்போதெல்லாம் அதைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறீர்கள். அதுவும் நான் கிளம்பும்வரை அங்கிருந்தே என்னைத் திட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குரலுக்கு ஏற்ற மாதிரி, கறுப்பாக, கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு உருவத்தை மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன். அன்றைக்கு நான் பின்கட்டில் கால் வைத்ததும் குரைப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ் போய்விட்டது. நடந்தே வந்தேன். வீட்டுப் படியேறித் திரும்பினால், கீழே ஒரு சின்னப் பழுப்பு நாய். ஒரு காது மடிந்திருக்கிறது. நான் சாவியைத் தேடி எடுக்கக் காத்திருக்கிற வீட்டு மனுஷன் மாதிரி நிற்கிறது. "போ" என்றேன். உட்கார்ந்தது. "போடா" என்றேன். படுத்தது. கழுத்தில் பட்டை இல்லை, தெருநாய்தான் என்று கதவைச் சாத்தினேன். விடிந்து பார்த்தால் அதே இடத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரி, தன் தங்கை கால் முறிந்து கிடக்கிறாள் என்று அங்கே போயிருந்த சமயம். கேட்க ஆளில்லை என்கிற தைரியத்தில் ஒரு துண்டு ரொட்டி போட்டேன். தொடவில்லை. என் முகத்தையே பார்த்தது. "சாப்பிடு" என்று சொன்ன பிறகுதான் வாய் வைத்தது. வாசலில் கால் மிதியில் நான்கு காலையும் தேய்த்துவிட்டு உள்ளே வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. தெருவில் வளர்ந்த எதற்கும் இவ்வளவு ஒழுக்கம் வராது. இது யாரோ நல்லபடி வளர்த்துத் தொலைத்த நாய். யாரோ என்றால் நீங்கள் என்று தெரியாது.

அன்றைக்கு மகள் போன் செய்தாள். "அப்பா, நேத்து போகும்போது பின்கதவைச் சாத்தினீங்களா?" என்றாள். "நான் என்ன உங்க வீட்டு வாட்ச்மேனா?" என்றேன். "அதுக்கில்லப்பா, நாயைக் காணோம்" என்றாள். "நல்லதாப் போச்சு, இனிமே நிம்மதியா வரலாம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். சொல்லும்போது அந்த நாய் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு உங்கள் வீட்டிலிருந்து வந்த எந்தப் போனையும் நான் எடுக்கவில்லை. பலகை விஷயத்தில் அப்படி ஒரு முடிவு எடுத்திருந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அந்த நாய்க்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு என்று முடிவு செய்து, தகரம் வெட்டி, வெள்ளை அடித்து, சிவப்பு எனாமலில் நானே எழுதினேன். பஸ் நிறுத்தத்தில் ஒன்று, கால்நடை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒன்று, உங்கள் தெரு முனையில் விளக்குக் கம்பத்தில் ஒன்று. நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். "நாய் கிடைத்துள்ளது. வாயில்லாத ஜீவனை வைத்துக் காப்பாற்ற வக்கில்லாத சொந்தக்காரர், வெட்கம் என்று ஒன்று இருந்தால், பஸ் நிறுத்த டீக்கடையில் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்." வக்கில்லாத என்பதற்கு அடியில் கோடு வேறு போட்டேன். அது யார் எழுத்து என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுத்து தெரிகிறவராக இருந்தால் பிளாஸ்டிக் பலகை மாட்டியிருக்க மாட்டீர்கள். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் டீக்கடைக்குப் போனீர்கள். அது எனக்கு இப்போதுதான் தெரியும். அப்போது டீக்கடைக்காரர் வந்து, "ஒரு பெரியவரு வந்தாருங்க. ஒரு காது மடிஞ்சிருக்கும், வால் நுனி வெள்ளை, ஆளு வந்தா விடாம குரைக்கும்னு சொன்னாரு. கொடுத்துரலாமா?" என்று கேட்டார். நான் நாயைத் திரும்பிப் பார்த்தேன். வால் நுனி சிவப்பு. பலகை எழுதும்போது பெயின்ட் டப்பாவுக்குள் அது வாலை விட்டுவிட்டது. அந்தச் சிவப்பு என் டப்பாச் சிவப்பு என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேனா என்று தெரியவில்லை. "வாலே தப்பு. அதோட இது குரைச்சே நான் கேட்டதில்ல. ஆளு ஏமாத்துக்காரன், அனுப்பிவிடு" என்றேன்.

"பாத்தா பாவமா இருந்தாருங்க."

"பாவமா இருக்கறவங்ககிட்டதான்யா ஜாக்கிரதையா இருக்கணும். நாயைத் தொலைச்சவன் நாளைக்கு வீட்டையும் தொலைப்பான்னு நான் சொன்னதாச் சொல்லு."

அவர் ஒரு சொல்லை விடாமல் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் நான் சொன்னதை அப்படியே செய்கிற ஒரே மனுஷன் அவர்தான், அன்றைக்கும் செய்திருக்கிறார். நீங்கள் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்களாம். சம்பந்தி, நீங்கள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இப்போது கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

நேற்று என் வீட்டுக்காரி திரும்பி வந்தாள். கையில் பை, வாசற்படியில் ஒரு கால். "பொட்டலம்" என்று கூப்பிட்டாள். என்ன பொட்டலம், யாருக்கு என்று நான் யோசிப்பதற்குள் அந்த நாய் என் கட்டிலுக்கு அடியிலிருந்து பாய்ந்து போய் அவள் மேல் ஏறி, முகத்தை நக்கி, அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டது. இத்தனை நாளும் நான் அதை "ஏய்" என்றுதான் கூப்பிட்டேன். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"உனக்கு இதை எப்படித் தெரியும்?" என்றேன்.

"சம்பந்தி வீட்டு நாயை எனக்குத் தெரியாதா? போறப்ப எல்லாம் மடியிலதான் படுக்கும். உங்களுக்குத்தான் பயம்."

"எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல."

"ஆமாமா, அதான் கட்டிலுக்குக் கீழ வெச்சிருக்கீங்க."

அப்புறம் அவள் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசினால் எனக்கு எப்போதும் கெட்ட காலம். தெரு முனையில் பலகையைப் பார்த்த உடனே மகளுக்கு அது என் எழுத்து என்று தெரிந்துவிட்டதாம். நாய் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது. எனக்குப் போன் செய்து பார்த்தாள், நான் எடுக்கவில்லை. நேரே வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்டால், வக்கில்லாத என்று கோடு போட்டு எழுதியது தன் அப்பன் என்று மாமனார் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்குப் பதில் கதவைத் திறந்துபோட்டது தான்தான் என்று சொல்லிவிட்டு, அம்மா வரும்வரை பொறுத்திருந்திருக்கிறாள். மாப்பிள்ளை தினமும் வேலை விட்டு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு தேடப் போகிறார், அவளும் பின்னால் உட்கார்ந்து, எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டே தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போகிறாள். சம்பந்தியம்மா அவளிடம் முன்போல் பேசுவதில்லை என்றாள் என் வீட்டுக்காரி. நான் சம்பந்தியம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் ஊருக்கே பலகை வைத்திருப்பேன்.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது உரக்கப் படியுங்கள். சம்பந்தியம்மாவின் காதில் விழும்படி இரண்டாவது பத்தியை இன்னொரு தரம் படியுங்கள். என் மகள் எழுந்து உள்ளே போகப் பார்ப்பாள், விடாதீர்கள். நாயை டீக்கடைக்காரரிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்து அனுப்புகிறேன். வாலில் சிவப்பு இருக்கும். மண்ணெண்ணெய் போட வேண்டாம், தோல் புண்ணாகிவிடும், முடி வளர வளரத் தானே போய்விடும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். மூன்று பலகைகளையும் இன்று காலையில் நானே போய்க் கழற்றிவிட்டேன். உங்கள் தெரு முனையில் ஆணி இறுகியிருந்ததால் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டு நின்றேன். நீங்கள் ஜன்னலில் இருந்து பார்த்திருந்தால், அது நான்தான். அந்த நாய்மீது எனக்குத் தனியாக ஒட்டுதல் எதுவும் கிடையாது. பெயர்ப்பலகை விஷயத்திலும் என் மனசில் இப்போது ஒன்றும் இல்லை. உங்கள் வீடு, உங்கள் கேட், உங்கள் கண்.

உங்கள் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல், கதவு சாத்திய வீடாக நன்றாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசீர்வாதம், வாங்கிக்கொள்ள மனசு இருந்தால்.

இப்படிக்கு,
தலை குனிந்து, ஆனால் உண்மையை மட்டுமே எழுதியிருக்கும்
உங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை என் வீட்டுக்காரி வாங்கிப் படித்தாள். "எல்லாம் இருக்கு. மன்னிப்புங்கற வார்த்தை எங்க?" என்று கேட்டாள். முதல் வரியிலிருந்து தேடிப் பார்த்தேன். இல்லை. எழுதி நடுவில் செருகலாம் என்றால் இடமில்லை. ஆகவே இந்தப் பின்குறிப்பை மட்டும் யாருக்கும் உரக்கப் படிக்க வேண்டாம், நீங்கள் மட்டும் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரரிடம் நாய் இருக்காது, கடிதம் மட்டும்தான் இருக்கும். நாயை நாளைக் காலையில் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அது ராத்திரிக்கு இங்கேயே இருக்கட்டும், இவ்வளவு நாள் இருந்தது, ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது. வந்ததும் முதலில் மகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். சம்பந்திகள் யாராவது பக்கத்தில் இருந்தால் எனக்கு அந்த வார்த்தை வராது. நான் வருகிற நேரத்துக்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் அப்படியே கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வந்தால் நல்லது. நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். அது பக்கத்தில் இருந்தாலும் எனக்கு வராது.