தலைவணங்கா நாட்டின் கதைக் கல்லூரி

தலைவணங்கா நாட்டில் ஒரு கதை அச்சேற வேண்டுமானால் அதை எழுதியவர் எழுநூற்று முப்பது நாட்கள் படித்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அது கதை அல்ல, வதந்தி. வதந்திக்குச் சிறை. கதைக்குப் பட்டம். இந்த வேறுபாட்டைக் கற்பிக்கவே அரசர் தலைநகரில் கதைக் கல்லூரியைக் கட்டினார். அங்கே முதுகலை மட்டும்தான் இருந்தது. இளங்கலை என்று ஒன்று வைத்தால் பாதிக் கதையோடு யாராவது வெளியே போய்விடுவார்கள் என்று அமைச்சரவை அஞ்சியது.

நாட்டுக்கு அந்தப் பெயர் வந்ததும் அண்மையில்தான். முன்பெல்லாம் அரசவையில் எல்லோரும் குனிந்து வணங்கினார்கள். அரசரும் ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வத்தின் முன் விழுந்து வணங்குவார். ஓர் ஆண்டு அவர் அதை நிறுத்தினார். பிறகு, "இனி என் நாட்டில் யாரும் யாருக்கும் குனிய வேண்டியதில்லை," என்று அறிவித்தார். மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். அடுத்த மாதம் குனிவது குற்றமானது. கீழே விழுந்ததை எடுக்க வீட்டுக்கு ஒரு கொக்கிக்கோல் கொடுத்தார்கள். அதன் கைப்பிடியில் பொறித்த படத்தில் அரசர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அதே படம் ஊர்தோறும் இருந்த அரசர் ஊற்றுகளின் மீதும் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே, ஏரிகளைத் தூர்த்து மாளிகைகள் கட்டிய பிறகு, பாறையைத் துளைத்து ஆழத்திலிருந்து நீர் இறைக்கும் கிணறுகளுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள்.

நொச்சி கரட்டுப்பட்டிக்காரி. வேதியியல் படித்தவள். நான்கு பேர் ஒன்றாகப் பார்த்தால் தன் பெயரையே மறந்துவிடும் கூச்சம் அவளுக்கு. கதை எழுதும் ஆசையெல்லாம் முன்பு இருந்ததில்லை. தங்கள் ஊர் ஊற்று நீரைக் குடுவையில் பிடித்துச் சோதித்தபோது அவள் ஒன்றைக் கண்டாள். ஊற்றுத் துறைக்குத் தெரிவித்தாள். "அளவுகள் அழகாக உள்ளன. உள்ளத்தைத் தொடவில்லை," என்று பதில் வந்தது.

கல்லூரி ஆண்டுதோறும் ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கும். அதை எல்லா ஊர்ச் சந்தைகளிலும் உரக்கப் படிப்பார்கள். அந்த நாட்டில் எல்லா ஊர்க் காதுகளுக்கும் போய்ச் சேர்வது வரி அறிவிப்பும் அந்தக் கதையும்தான். வரி அறிவிப்பை எழுத நொச்சிக்கு வழியில்லை. கதையை எழுதலாம் என்று முடிவு செய்தாள்.

அம்மா சுவரைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"தண்ணியப் பத்திப் படிச்சவ தண்ணியப் பத்திச் சொன்னா கேக்கல. கதயாச் சொன்னா மட்டும் கேப்பாங்களாடி?"

"கேப்பாங்கம்மா. நீ மழத்தண்ணிய மட்டும் பிடிச்சு வச்சுக் குடி."

"அது பேஞ்சால்ல பிடிக்கிறதுக்கு."

கல்லூரியில் முதல் பாடமே மௌன வட்டம். ஒருவர் தன் கதையைப் படிப்பார். மற்றவர்கள் வட்டமாக அமர்ந்து விவாதிப்பார்கள். மணி அடிக்கும் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பட்டம் போய்விடும். கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல சட்டம் எங்கே கிடைக்கும்? கலவையைத் தொடாமல் என்ன நடக்கிறது என்று காத்திருந்து பார்ப்பது அவளுக்குப் பழகிய வேலைதான்.

முதலில் சேந்தன் என்ற மாணவன் ஒரு நொண்டிக் குதிரையைப் பற்றிப் படித்தான். குதிரை காலத்தைக் குறிக்கிறது என்றார் ஒருவர். இல்லை, ஆண்மையை என்றார் இன்னொருவர். பேராசிரியர் வாகைநம்பி இரண்டையும் ஏற்றுக்கொண்டார். நடுவில் அவர் கையிலிருந்த சுண்ணக்கட்டி விழுந்தது. ஏவலரைக் கூப்பிட்டுக் கோலால் எடுக்கச் சொன்னார். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க அவர் கழுத்தைத் திருப்புவதில்லை, முழு உடம்பையும் திருப்புகிறார் என்பதை நொச்சி கவனித்தாள்.

வெளியே வந்ததும் சேந்தன் பெருமூச்சு விட்டான்.

"அது எங்க மாமாவோட குதிர, நொச்சி. நெசமாவே நொண்டுது. வைத்தியம் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்கன்னு பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்லு பாப்போம், உன் முறை வரும்போது. கூரத்தண்ணி குடிக்கிற மகாராணிக்கு வாய்க்கு மட்டும் ஒண்ணும் கொறச்சல் இல்ல." விடுதிக் கூரையிலிருந்து வழியும் மழைநீரை அவள் மண்ஜாடிகளில் சேர்த்துவைத்துக் குடிப்பது கல்லூரியின் நிரந்தரக் கேலி.

கதைத்துறை அமைச்சர் கொற்றங்குடியார் ஒருநாள் வட்டத்தைப் பார்வையிட வந்தார். எழுதியவர் பேசாமல் உட்கார்ந்திருந்த அழகு அவரைக் கவர்ந்துவிட்டது.

"இதுவல்லவோ ஆட்சி முறை! குறையுடையவரே குறையைப் பற்றிப் பேசும்போது அதன் நயம் கெட்டுவிடுகிறது," என்றார்.

அன்று முதல் மனு கொடுத்தவர்கள் அரசவையில் வாய்மூடி உட்கார, அதிகாரிகள் அந்த மனுக்களை விவாதித்தார்கள். தன் காளையைக் காணவில்லை என்று ஓர் உழவர் மனு கொடுத்தார். காளை உழைப்பின் குறியீடு என்று முடிவானது. அவருக்குக் காளை கிடைக்கவில்லை. அவருடைய வயலின் நடுவே காளைச் சிலை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றி உழுதுகொள்ள அவருக்குச் சிறப்பு அனுமதியும் வழங்கப்பட்டது.

இரண்டாம் ஆண்டில் வாகைநம்பி கலையின் உச்ச விதியைக் கற்பித்தார். "சொல்லாதே, காட்டு. பசி என்று எழுதாதே. வெறும் தட்டைக் காட்டு."

அமைச்சர் இதையும் எடுத்துக்கொண்டு போனார். பசி என்ற சொல் மனுக்களில் தடைசெய்யப்பட்டது. மக்கள் வெறும் தட்டுகளோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். காட்டிய விதம் சிறப்பாக இருந்ததால் தட்டுகள் அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. மறுவாரம் காட்டுவதற்கு யாரிடமும் தட்டு இல்லை. குறைகள் முற்றிலும் தீர்ந்துவிட்டன என்று அமைச்சர் அவையில் அறிவித்தார்.

அறுவடை விடுமுறையில் தங்கை குவளை பார்க்க வந்தாள். உதட்டைத் திறக்காமல் சிரித்தாள்.

"அம்மா எப்படி இருக்கா?"

"அம்மா இப்ப கொடத்தத் தூக்குறதில்லக்கா. நாந்தான்."

"ஒழுங்காச் சிரியேன்டி. எத்தன மாசமாச்சு உன்னப் பாத்து."

"மாட்டேன்," என்று குவளை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் போன பிறகு நொச்சி தன் பட்டக் கதையை எழுதினாள். கதையில் ஓர் ஊர். அங்கே ஒரு தாய், தலையிலிருந்து விழுந்த பூவை எடுக்காமல் அதைப் பார்த்தபடி நிற்கிறாள். ஒரு சிறுமி சிரிக்க மறுக்கிறாள். ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் ஒரு குடம் இருக்கிறது. வேறு எதையும் அவள் சொல்லவில்லை. விதிப்படி எழுதியிருந்தாள். கேட்கிறவர்கள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினாள்.

இறுதி வட்டத்துக்கு அமைச்சரே வந்து நடுவில் அமர்ந்தார். நொச்சி படித்து முடித்து வாயை மூடிக்கொண்டாள்.

"குடம் எதைக் குறிக்கிறது?" என்று கேட்டார் வாகைநம்பி.

"பெண்ணின் மனம், ஐயா."

"அரசின் கருவூலம்."

"ஐயா," என்று சேந்தன் தயங்கினான், "கொடம் தண்ணியக் குறிக்குதோ?"

"மேலோட்டமான வாசிப்பு. உட்காரலாம்."

அமைச்சர் எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "விழுந்த பூவை எடுக்க அந்தத் தாய் குனியவில்லை. ஏன்? தன்மானம்! பூவுக்காகக் கூடக் குனியாத தாய்! நம் அரசரின் கனவு ஒரு குடிசைவரை போய்ச் சேர்ந்துவிட்டது. இதுவே இவ்வாண்டுக் கதை. எல்லாச் சந்தைகளிலும் படிக்கப்படும். படிக்கப்படும் ஒவ்வோர் ஊரிலும், இந்தத் தாயின் நினைவாக, மேலும் இரண்டு அரசர் ஊற்றுகள் திறக்கப்படும். முதல் ஊற்று கரட்டுப்பட்டியில்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நொச்சி கேட்டது எல்லாமே கிடைத்துவிட்டது. பட்டம், அச்சு, எல்லா ஊர்க் காதுகளும். இனி முத்திரை குத்த வேண்டும், மணி அடிக்க வேண்டும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். குவளை இன்னும் இரண்டு ஊற்றுகளுக்குக் குடத்தோடு நடப்பது அவள் கண்முன் தெரிந்தது.

அமைச்சர் அரசு முத்திரையை எடுத்தார். அது கைநழுவி விழுந்து, உருண்டு, அவர் காலடியில் தட்டையாகப் படுத்தது.

ஏவலர் கோலை நீட்டினார். தட்டையான பித்தளையில் கொக்கி சிக்கவில்லை. இன்னொரு கோல் வந்தது. வாகைநம்பியும் முயன்று பார்த்து வியர்த்தார். சேந்தன் சட்டத்தை மறந்து ஒரு சாண் குனிந்தான். "ஆ!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அந்த அவையில் பலரால் முத்திரை எங்கே கிடக்கிறது என்று பார்க்கவே முடியவில்லை. அவர்கள் கழுத்து அவ்வளவு தூரம் இறங்கவில்லை.

நொச்சி எழுந்து போனாள். இடுப்பை வளைத்துக் குனிந்து முத்திரையை எடுத்தாள். நிமிர்ந்து மேசையில் வைத்தாள்.

நாட்டில் சில ஆண்டுகளாக யாரும் பார்த்திராத காட்சி அது. காவலர்கள் அமைச்சரின் உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். அமைச்சரோ கோபப்படவில்லை. வித்தை பார்த்த குழந்தையைப் போல அவர் வாய் திறந்திருந்தது.

"எப்படி?" என்றார். "நீ எப்படிக் குனிந்தாய், அம்மா?"

அந்தக் கல்லூரியில் எழுதியவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. வாகைநம்பி உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்டினார். மணி இன்னும் அடிக்கவில்லை. முத்திரைக்கும் அவள் கதைக்கும் நடுவே ஒரு கை தூரம்தான் இருந்தது.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தன் பெயரை மறந்துவிட்டாள். மற்றது மறக்கவில்லை.

"நான் ஊத்துத்தண்ணி குடிக்கிறதில்லீங்க ஐயா," என்றாள். "அதுல எலும்ப இறுக்குற, பல்லக் கறையாக்குற உப்பு இருக்கு. எங்கம்மா பூவ எடுக்காதது தன்மானத்தால இல்ல. முதுகு மடங்கல. உங்களுக்கும் அதான். அரசருக்கும் அதான்."