நம்ம கூர்க் மாதிரியே

"புதிய மண்ணைப் புதிய கண்களால் காண்பவர்" என்று அச்சடித்து, ஓரத்தில் ஓக் இலை வரைந்த ஒரு சான்றிதழ் பெங்களூரு காக்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் வீட்டுக் கூடத்தில் சட்டத்துக்குள் தொங்குகிறது. பிரான்ஸின் தென்மேற்கே தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போன சுற்றுலா நிறுவனம், போய்த் திரும்பிய எல்லோருக்கும் கொடுத்தது அது. கொடுத்தவர்கள் ஒரு நாள் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தால் யோசித்திருப்பார்கள்.

ஓஸ்வால்ட் ஓர் இனத்தைச் சேர்ந்தவர். மாதிரிக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கண்ணில் எது பட்டாலும் அது எதைப் போல இருக்கிறது என்று இந்த இனத்தார் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நெஞ்சடைக்கும். ஓக் மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டுக்குள் வண்டி நுழைந்தது. நம்ம கூர்க் மாதிரியே என்றார். எழுநூறு வருஷத்துப் பழைய ஊர், வாசல் வளைவைத் தாண்டினால் தேன் நிறக் கல் வீடுகள், இரண்டு பேர் உரசாமல் போக முடியாத சந்து. சிவாஜிநகர்தான், கறிக்கடை மட்டும் இல்லை என்றார். பாறை உச்சிக் கோட்டை ஸ்ரீரங்கப்பட்டணம் ஆயிற்று. வால்நட் கேக்கை மென்றுகொண்டே, நம்ம பேக்கரியில் கிறிஸ்துமஸுக்குப் போடுவது இதைவிட மேல் என்றார். சாயங்காலம் குளிர்காற்று அடித்ததும் பெருமூச்சு விட்டு, ஒரு காலத்தில் பெங்களூரு இப்படித்தான் இருந்தது என்றார். குளிரடிக்கும் ஊரில் நின்று இதைச் சொல்லாத பெங்களூர்க்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அப்படியானால் ஊரிலேயே இருந்திருக்கலாமே என்பீர்கள். ஊரில் இருக்கும்போது அவருக்கு ஊர் தெரியாது. போன மாதம் மைத்துனர் டெரிக்கின் குடும்பத்தோடு அவரும் கூர்க் போனார். எல்லோரும் காவிரியில் காலை நனைத்துக்கொண்டிருக்க, இவர் இடுப்பில் கை வைத்து நின்று, அப்படியே ஃபிரான்ஸ் மாதிரி இருக்கு என்றார்.

"அங்க போனப்ப கூர்க் மாதிரின்னு வாட்ஸ்அப்ல போட்டீங்களே, அத்தான்."

"ஆமா. ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்கு அவ்ளோ தூரம் போனீங்க?"

"போனாத்தானேப்பா தெரியும்."

உண்மையில் அவர் போனது மனைவி லவினாவுக்காக. லவினா புவியியல் டீச்சர். ஆறு எப்படி வளைந்து வளைந்து கரையை அரிக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றவர். அப்படி ஒரு வளைவை மேலே நின்று, விடியலில் மூடுபனி விலகும்போது ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. போனதிலிருந்து காலையெல்லாம் மழை. கடைசி நாள் விடியலில்தான் வானம் வெளுத்தது. பாறை விளிம்புக்கு ஏறும் பாதையில் லவினா நின்றார்.

"ஏங்க, மேல போனதும் கொஞ்ச நேரம் எதையும் அது மாதிரி இது மாதிரின்னு சொல்லாதீங்க. நான் சும்மா பாக்கணும்."

"நான் எங்க சொல்றேன்?"

"ப்ராமிஸ் பண்ணுங்க."

"சரி லவி. வாயே திறக்க மாட்டேன், போதுமா?"

இதுவரை படித்ததில், அட, நம்ம சித்தப்பா மாதிரியே என்றோ, ஆபீஸில் அந்த ப்ரஹ்லாத் மாதிரியே என்றோ ஒருமுறையாவது உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றியதா? நல்லது. உங்கள் வீட்டுக் கூடத்திலும் ஓர் ஆணி அடிக்க இடம் பார்த்து வையுங்கள்.

ஓஸ்வால்ட் வாக்குத் தவறாதவர். மூடுபனி விலகி ஆற்றின் வளைவு தெரியத் தொடங்கியபோது அவர் வாயே திறக்கவில்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, எப்போதோ கூர்க்கில் எடுத்த காவிரிப் படத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்து, லவினாவின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.